டர்னர் போன் செய்யாத டிராயிங்

"ஏனுங்க, இந்த 25-ல பேரிங் உக்காரணுமா, சும்மா பூந்து போனாப் போதுமா?"

கோவையின் லேத் பட்டறைகளில் இப்படியொரு போன் போகாத நாள் குறைவு. டிராயிங்கில் 'விட்டம் 25' என்று மட்டும் இருக்கும். அளவு சரிதான். ஆனால் அதை நம்பி ஷாஃப்ட் கடைய முடியாது.

6205 பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. அது ஷாஃப்ட்டில் இறுக்கமாக உட்கார வேண்டுமென்றால், 25 கே6 என்று போடலாம். 25.002-க்குக் குறையக் கூடாது, 25.015-ஐத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். மொத்தமே 13 மைக்ரான். தலைமுடிகூட இதைவிடப் பல மடங்கு தடிமன். அதே ஷாஃப்ட் ஒரு புஷ்ஷுக்குள் லேசாகச் சுழல வேண்டுமென்றால் 25 ஜி6: 24.980 முதல் 24.993 வரை. இரண்டுக்கும் பெயர் 25தான். எது வேண்டும் என்பதை டர்னர் ஜோசியம் பார்த்தா கண்டுபிடிப்பார்?

இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு. பயந்துபோய் எல்லா அளவுக்கும் ±0.01 போட்டு வைப்பது. காற்றுப்படக் கிடக்கும் ஒரு முகத்துக்கும் கிரைண்டிங் கேட்டால், பட்டறைக்காரர் ரேட்டை ஏற்றாமல் என்ன செய்வார்? அப்படிப்பட்ட இடங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 2768 நடுத்தரம் என்று டைட்டில் பிளாக்கில் ஒரு வரி போதும். 30-க்கு மேல் 120 வரையிலான அளவுகளுக்கு ±0.3 தானாகவே கிடைத்துவிடும்.

துளைகளுக்கு அளவு கொடுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று ஐந்து இடைவெளிகளைச் சங்கிலியாக ±0.1 வைத்துக் கொடுத்தால், கடைசித் துளை அரை மில்லிமீட்டர் வரை நகர்ந்து நிற்கலாம். எல்லாத் துளைகளையும் ஒரே விளிம்பிலிருந்து அளந்து கொடுத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

நானும் பட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அமெரிக்க டிராயிங் ஒன்றை நம்மூர் முறையில் வரைந்ததாக நினைத்துப் படித்தேன். நாம் ஐ.டி.ஐ.யில் படிப்பது முதல் கோண முறை. இடப்பக்கம் நின்று பார்த்த தோற்றம் வலப்பக்கம் வரும். அமெரிக்கர்களுடைய மூன்றாம் கோண முறையில் இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கமே இருக்கும். மூலையில் சின்னக் கூம்பும் இரண்டு வட்டமும் கொண்ட குறி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது; நான் பார்க்கவில்லை. பிராக்கெட் ஒரு லாட் முழுக்கக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி வந்தது. எடைக்குப் போட்டோம்.

இன்று கேட் மென்பொருளில் ஒரு கிளிக்கில் எல்லாத் தோற்றங்களும் வந்து விழுகின்றன. எந்த அளவு முக்கியம், எது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்பதைச் சொல்ல அதற்குத் தெரியாது. அந்தப் பாகம் எதோடு சேரப் போகிறது என்று அறிந்தவருக்குத்தான் தெரியும்.

இன்டர்வியூவுக்குப் போகும் தம்பி, தங்கைகளே! பளபளக்கும் முப்பரிமாணப் படங்களை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒரே ஒரு ஷாஃப்ட்டின் ஏ3 டிராயிங்கைப் போட்டு, தெரிந்த டர்னர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். அவர் கேள்வி கேட்காமல் சக்கில் மாட்டப் போனால், அந்தத் தாளையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.