சித்திரைச் சிறுமாரிக்குப் பின் வரும் கோடை

பங்குனியின் கடைக்கூறு தொட்டு வன்னியிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வெயிலின் கொடுமை நாளுக்கு நாள் மிகுவதும், சித்திரை பிறந்ததும் பிற்பகல் வேளைகளில் இடி முழங்கிச் சிறுமாரி பொழிய நிலமும் உயிர்களும் குளிர்வதும் ஆண்டுதோறும் நிகழ்வனவாகும். கோடை தணிந்துவிட்டதென மக்கள் ஆறுதல் கொள்வர். ஆனால் உலர் வலயத்தின் நீண்ட வறட்சி அதன் பின்னரே தொடங்குகின்றது. இம்மழையை நம்பி அளவுக்கு மிஞ்சி விதைத்து, ஆடியிலே கதிர் பதராகக் கண்ட கமக்காரர் பலர்.

குளிர் நாடுகளிலே துருவப் பக்கமிருந்து நகர்ந்து வரும் குளிர்ந்த வளித்திணிவு கோடையைத் தணிப்பதுண்டு. இலங்கைக்கு அத்தகைய குளிர் வளி வந்தெட்டுவதில்லை. இங்கு வெப்பமே மழையைப் பிறப்பிக்கின்றது. ஏப்பிரல் 5ஆந் திகதியளவில் தென் கரையிலும், 15ஆந் திகதியளவில் வட கரையிலும் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். அப்போது சூடேறிய தரையின் மேலுள்ள வளி விரைந்து எழ, கடற்புறத்து ஈரக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிற்பகலில் இடிமுகிலாய்த் திரளுகின்றது. ஆதலின் ஓர் ஊரில் வாய்க்கால் நிறைய, அடுத்த ஊரில் புழுதியும் அடங்காதிருத்தல் இம்மழையின் இயல்பு. மின்னல் மிகுந்த காலமும் இதுவே. முழக்கங் கேட்டவுடன் வயல்வெளியை விட்டு வீடு சேர்தல் வேண்டும். தனித்து நிற்கும் பனையின் கீழ் ஒதுங்குதல் உயிருக்கு ஆபத்தாம்.

ஓரங்குல மழை ஓர் ஏக்கரில் 22,000 கலனுக்கு மேற்பட்ட நீரைத் தருகின்றது. கேட்பதற்கு இது பெருந்தொகையே. எனினும் வெயிலுங் காற்றுஞ் சேர்ந்த நாட்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல் ஆவியாவதுண்டு. அக்கணக்கின்படி ஓரங்குல மழை ஏறக்குறைய ஐந்து நாட் செலவுக்கே காணும்.

வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. அது தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே பொழிந்துவிட்டு, மலையைக் கடந்து இறங்குங்கால் உலர்ந்து சூடேறுகின்றது. மட்டக்களப்பார் கச்சான் என்றும், யாழ்ப்பாணத்தார் சோழகம் என்றும் வழங்குவது இக்காற்றையே. வாழையிலையைக் கிழித்து, வரம்பை வெடிக்கச் செய்து, குளத்து நீரையும் உறிஞ்சுவது இதுவே. ஐப்பசி மழை வரையில் வடக்கிலுங் கிழக்கிலும் நல்ல மழை அரிது.

விதிவிலக்கு இல்லாமலில்லை. 2016 மே மாதத்தில் வங்கக் கடலில் உருவான தாழமுக்கத்தால் கிளிநொச்சியில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. ஆனால் அவ்வாண்டின் இறுதியில் மாரி பொய்த்தமையால், 2017ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் பெருந்தொகையான வயல்கள் விதைப்பின்றிக் கிடந்தன. எதிர்பாராது வரும் மழையைக் கணக்கிற் சேர்த்து விதைத்தல் தகாது.

ஆகவே சிறுபோக நெற்செய்கையின் பரப்பைத் தீர்மானிக்க வேண்டியது குளத்திலுள்ள நீரேயன்றி வானமன்று. பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே குறித்த பரப்புக்கு மேல் ஒருவர் விதைப்பின், கடைக்கோடி வயற்காரரின் நீரையே அவர் எடுத்தவராவர். நீர் குறைந்த ஆண்டுகளில் குளத்தையடுத்த வயலை மட்டும் யாவரும் பங்கிட்டு விதைக்கும் பெத்ம முறை பழைமையானது. இன்றும் அதனிலும் நேர்மையான வழி காணப்படவில்லை. இரண்டரை மாத பீ.ஜீ. 250, மூன்று மாத பீ.ஜீ. 300 ஆகிய இனங்கள் இப்போகத்துக்கு ஏற்றவை. சிறுமாரியின் ஈரத்திலேயே உழுது காலந் தாழ்த்தாது விதைத்தால், நிலம் பண்படுத்தக் குளத்து நீரைச் செலவிடுதல் குறையும். பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை சதமளவையைத் தாண்டின் மகரந்தம் கெட்டு மணி பிடியாது. பிந்தி விதைத்த பயிர், குளமும் வற்றிக் காற்றும் மிகுந்த நாட்களிலே பூக்க நேரிடும்.

மேட்டு நிலத்தில் எள்ளு, பயறு, கௌபி என்பவற்றை விதைக்கலாம். முதல் தூறலைக் கண்டு விதைத்தல் ஆகாது. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்து, ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருப்பின் மாத்திரமே விதையை இடுதல் வேண்டும். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் கல்லாய் இறுகும் தன்மையது. எனவே ஈரம் இறங்கிய பின் இரண்டு மூன்று நாட்களுள் வேலையை முடித்தல் நன்று.

குடாநாட்டின் நிலை வேறு. அங்கே சுண்ணாம்புக் கற்பாறையினுள் உப்பு நீரின்மேல் மிதப்பதுபோல் நன்னீர் தங்கியிருக்கின்றது. சிறுமாரியால் கிணறு சற்று ஊறியதைக் கண்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பொறியை இடைவிடாது ஓட்டினால், நன்னீர் மெலிந்து கீழுள்ள உவர் மேலெழும். காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாகப் பகுத்து இறைத்து, பாத்திகளுக்கு வைக்கோலோ ஓலையோ பரப்பி, காற்று வரும் பக்கத்தில் கிளுவை வேலியை அடர்த்தியாக வைத்திருத்தல் வேண்டும். நீரில் உவர்ச்சுவை தோன்றின் அன்றைய இறைப்பை உடனே நிறுத்தி, கிணறு ஊறும் வரை பொறுத்திருக்க வேண்டும்.