பத்தாவது வந்தாச்சு... பாட்டு வகுப்பை நிறுத்தணுமா?

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பல வீடுகளில் முதல் வெட்டு விழுவது பாட்டு வகுப்பின் மீதுதான். ‘பத்தாவது பப்ளிக் எக்ஸாம். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஸ்ருதிப் பெட்டி பரணுக்குப் போய்விடும். அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நுழைவுத் தேர்வு என்று அடுத்தடுத்து வரிசை கட்டி நிற்கும். பரணுக்குப் போன பெட்டி பெரும்பாலும் இறங்குவதே இல்லை.

ஆறேழு வயதில் சரளி வரிசையில் தொடங்கிய பிள்ளை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எல்லாம் கடந்து வர்ணம், கீர்த்தனைக்கு வருவது பெரும்பாலும் இந்த வயதில்தான். அதுவரை குரு பாடியதைக் கேட்டு அப்படியே திருப்பிப் பாடிய பிள்ளைக்கு, ராகத்தின் முகம் பிடிபடத் தொடங்குவதும், தானாகவே நாலு ஸ்வரம் போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை வருவதும் இப்போதுதான். விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, பூ விடும் நேரத்தில் தோட்டத்தைப் பூட்டுவது போலத்தான் இந்த நிறுத்தம்.

பள்ளியில் என்ன இருக்கிறது?

தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்பது ஐந்து பாடங்கள், 500 மதிப்பெண்கள். அந்த ஐந்தில் இசை இல்லை. அதனால் பாட்டு பீரியட் இருக்கும் பள்ளிகளிலும், தேர்வு நெருங்கினால் அதைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ வாங்கிக்கொள்வது வாடிக்கை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத்திருவிழா ஒரு நல்ல வாசல். பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள் நடக்கின்றன. மாநில அளவில் சிறந்து விளங்குபவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள் உண்டு. இது தவிர, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக மத்திய அரசு 2015 முதல் நடத்திவரும் ‘கலா உத்சவ்’ போட்டியிலும் வாய்ப்பாட்டு, வாத்திய இசை இரண்டும் இருக்கின்றன.

சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் கர்நாடக இசையைத் தேர்வுப் பாடமாகவே எடுக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் 100 மதிப்பெண்ணில் 70 செய்முறைக்கு, 30 எழுத்துத் தேர்வுக்கு. ஆனால், இந்தப் பாடத்தை எல்லாப் பள்ளிகளும் நடத்துவதில்லை. எனவே பள்ளியில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பாடப் பட்டியலிலும் கர்நாடக இசை உண்டு.

கணக்கிலும் இருக்கிறது தாளம்

இசைக்கென்று தனி பீரியட் இல்லாத பள்ளியிலும், மற்றப் பாடங்களுக்குள் இசை ஒளிந்திருக்கிறது. அறிவியலில் ஒலியைப் பற்றிப் படிக்கும்போது அதிர்வெண் என்கிறார்கள். மேல் ஸட்ஜத்தின் அதிர்வெண், நடு ஸட்ஜத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. பஞ்சமம் ஒன்றரை மடங்கு. பாடத் தெரிந்த பிள்ளைக்கு இது வெறும் எண் இல்லை, காதில் கேட்ட உண்மை.

ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். அதில் ஐந்து அட்சரக் கோவை ஒன்றைத் திரும்பத் திரும்பப் பாடினால் எப்போது மறுபடியும் சமத்துக்கு வந்து சேரும்? எட்டு முறை பாடியதும், ஐந்தாவது ஆவர்த்தனம் முடியும் இடத்தில். கணக்கு நோட்டில் மீச்சிறு பொது மடங்கு என்று எழுதுவதும் இதைத்தான். தமிழ்ப் பாடத்தில் வரும் சிலப்பதிகாரத்தில், அரங்கேற்று காதை யாழையும் குழலையும் அவற்றை இசைக்கும் கலைஞர்களின் தகுதியையும் விரிவாகப் பேசுகிறது. இசை கற்கும் பிள்ளைக்கு இவையெல்லாம் மனப்பாடப் பகுதிகள் அல்ல, வீட்டு விஷயம்.

பள்ளிக்கு வெளியே

தனி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதி நாட்களில்தான் என்பதால் பள்ளிப் படிப்புக்கு இடைஞ்சல் இல்லை.

இசையையே முதன்மையாக எடுக்க விரும்புபவர்களுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்பு. அதற்கு மேல் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள்.

மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சிசிஆர்டி வழங்கும் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் வயது கடந்துவிடும்.

கேட்பதும் படிப்புதான். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறையும் சென்னை இசை விழாவும் ஒன்றாக வருகின்றன. பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. சுற்றுலா போகும் குடும்பங்கள் புதுக்கோட்டை அருகே குடுமியான்மலையில் பாறையில் பொறித்திருக்கும் இசைக் கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

குரல் உடையும் வயது

பையன்களுக்குத் தேர்வு தவிர இன்னொரு சோதனையும் இதே வயதில் வருகிறது: மகரக்கட்டு. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் கீழே இறங்குகிறது. நேற்று வரை ஐந்து கட்டையில் கணீரென்று பாடியவனுக்கு மேல் ஸ்தாயியில் குரல் பிசிறும். அந்தக் கால பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மகரக்கட்டு வந்த பையன்கள் பாட்டு வேஷத்தையே இழந்திருக்கிறார்கள்.

இது நோயும் இல்லை, திறமை போய்விட்டதற்கு அடையாளமும் இல்லை. பழைய கட்டையிலேயே பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், குருவின் யோசனைப்படி ஸ்ருதியைக் குறைத்து, மெதுவாக, குறைந்த நேரம் பாடினால் போதும். குரல் ஒத்துழைக்காத மாதங்களில் தாளக் கணக்கு, ஸ்வரம் எழுதுவது, கேள்வி ஞானம் என்று பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் யாரும் ‘தவளை மாதிரி இருக்கே’ என்று கேலி செய்யாமல் இருப்பது முக்கியம். பல பையன்கள் பாட்டை விடுவது குரலால் அல்ல, அந்தக் கேலியால். பெண் பிள்ளைகளின் குரலிலும் இந்த வயதில் மாற்றம் உண்டு. அவ்வளவாக வெளியே தெரியாது என்பதுதான் வித்தியாசம். குரல் கரகரப்பு வாரக் கணக்கில் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

நிறுத்தாமல் குறைக்கலாம்

தேர்வு ஆண்டில் என்ன செய்யலாம்? வாரம் இரண்டு வகுப்பு என்றால் ஒன்றாகக் குறைக்கலாம். புதுப் பாடம் வேண்டாம், கற்றதைக் கெட்டிப்படுத்தினால் போதும் என்று குருவிடம் சொல்லலாம். போட்டி, மேடை எல்லாவற்றையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம். தினமும் இருபது நிமிடம் மட்டும் விடாமல் இருக்கட்டும்: ஐந்து நிமிடம் அகார சாதகம், ஐந்து நிமிடம் வரிசைகள், மீதிக்கு ஒரு வர்ணமோ கீர்த்தனையோ. படித்துக் களைத்த மாலையில் செல்போனுக்குப் போகும் நேரம் இதற்குப் போதும். ரிவிஷன் பரீட்சை நாட்களில் அதுவும் முடியாவிட்டால் ஒரு பாட்டு பாடினாலே சரி.

பாட்டுக் கற்றால் கணக்கில் மார்க் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் இசையைத் தொடர வேண்டும் என்பதில்லை. மார்க் ஷீட் ஒரு கல்லூரி வாசல் வரை கூட வரும். பதினைந்து வயதில் விடாமல் காப்பாற்றிய பாட்டு, வேலையில் அலுத்து வரும் ஒரு மாலையிலும், குழந்தையைத் தூங்கவைக்கும் ஓர் இரவிலும், தனிமையில் கழியும் முதுமையிலும் கூடவே வரும். அதற்காக இந்த ஒரு வருஷம் இருபது நிமிடம் ஒதுக்குவது அதிகமில்லை.