நிற்காமல் ஓடும் தட்டு

வெளியிலிருந்து விசை எதுவும் தாக்காவிட்டால், ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். நியூட்டனின் இந்த முதல் விதியை மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நம்புகிறார்களா என்பது வேறு விஷயம். உருட்டிவிட்ட பந்து நின்றுவிடுகிறது. மிதிப்பதை விட்டால் சைக்கிளும் நின்றுவிடுகிறது. தள்ளிக்கொண்டே இருந்தால்தான் எதுவும் நகரும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்குத்தான் கண் சாட்சி சொல்கிறது.

குற்றவாளி உராய்வு. கலீலியோ, வழவழப்பாக இழைத்த சாய்தளத்தில் வெண்கலக் குண்டுகளை உருட்டி, ஒழுகும் நீரை எடைபோட்டு நேரம் கணித்ததை 1638-இல் வெளியான நூலில் விவரித்தார். தடையே இல்லாத சமதளத்தை மட்டும் அவர் மனத்தில்தான் கற்பனை செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் கற்பனைக்கு மிக அருகே போன ஒரு காட்சி, 1960-இல் வெளியான ‘ஃபிரேம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் இயற்பியல் பாடத்தைத் திருத்தி எழுத 1956-இல் எம்.ஐ.டி.யில் அமைந்த குழுவின் தயாரிப்பு அது. டொரான்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பாட்டர்சன் ஹியூம், டொனால்ட் ஐவி இருவரும் துளியும் சிரிக்காமல் குறும்பு செய்கிறார்கள்; ஒருவர் தலைகீழாகவே அறிமுகமாகிறார்!

அவர்கள் மேசைமேல் தள்ளிவிடும் வட்டத் தட்டுக்குள் டிரை ஐஸ் இருக்கிறது. உறைந்த கார்பன் டை ஆக்சைடான இது மைனஸ் 78 டிகிரியில் உருகாமல் நேரே வாயுவாகிறது. அந்த வாயு அடித்துளை வழியே வெளியேறி மெல்லிய படலமாகப் பரவ, தட்டு அதன்மேல் மிதக்கிறது. கேரம் பலகையில் தூவும் பவுடர் உராய்வைக் குறைக்கத்தான் செய்யும். இங்கே மேசைக்கும் தட்டுக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது. சுழலும் மேசையில் எதிரெதிரே அமர்ந்து அதே தட்டைத் தள்ளும்போது, கூடவே சுழலும் கேமராவுக்கு அதன் பாதை வளைகிறது; வெளியே நிற்கும் கேமராவுக்கு நேர்கோடு. உராய்வு குறுக்கிட்டிருந்தால் இந்த வேடிக்கை புலப்பட்டிருக்காது.

கல்லூரி ஆய்வகங்களில் இதே வேலையை ஏர் டிராக் செய்கிறது. ஊதுகருவியின் காற்று உலோகத் தடத்தின் நுண்துளைகளில் பீறிட, மேலே கிளைடர் வழுக்கி ஓடும். சம எடையுள்ள இரண்டை மோதவிட்டால், வந்தது நிற்கும், நின்றது கிளம்பும். இந்தத் தடம் மட்டம் பார்ப்பதில் ஈவிரக்கமற்றது. இரண்டு மீட்டர் தடத்தின் ஒரு முனை மூன்றரை மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும், நிறுத்தி வைத்த கிளைடர் தானே நகர்ந்து சுமார் 15 வினாடியில் மறுமுனை சேரும். சரிவு என்று கண்ணுக்கே தெரியாத சரிவு!

காசில்லாத பள்ளிக்கும் வழி உண்டு. பழைய சிடியின் நடு ஓட்டைமேல், சிறு துளையிட்ட பாட்டில் மூடியைக் காற்று கசியாமல் ஒட்டி, ஊதிய பலூனை மாட்டினால் மிதக்கும் தட்டு தயார். சிமென்ட் தரை சரிப்படாது. கண்ணாடி மேசையோ பளிங்குத் தரையோ வேண்டும். பலூன் கனமாகச் சாய்ந்தால் சிடியின் விளிம்பு உரசும் என்பதால், அளவாக ஊதுவது நல்லது.