கடிகாரம் நிற்பதில்லை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் முடிக்கும் போட்டியே ட்ரையத்லன். 2018இல் கொழும்பில் நடந்த 'அயன்மேன் 70.3' போட்டியின் தூரம்: நீச்சல் 1.9 கிலோமீற்றர், சைக்கிள் 90, ஓட்டம் 21.1.

தொழிலையும் பார்த்துக்கொண்டு முதற் பருவத்தில் இறங்குபவர் இரண்டு இடங்களில் நட்டப்படுகிறார். ஒன்று, மாற்றுமிடம். நீந்திக் கரையேறி, ஈரத்தோடு தலைக்கவசமும் சப்பாத்தும் தேடும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றது, சைக்கிளில் காட்டும் அவசரம். அங்கே மிச்சம் பிடித்த நிமிடங்களை, கால் கனத்து, ஓட்டத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க நேரும்.

வியாபாரமும் இப்படித்தான். சரக்கு ஸ்டோரில் முடங்கிக் கிடக்கும் நாளுக்கும் வாடகை உண்டு. கடனுக்கு விற்ற காசு வரும்வரை ஊழியர் சம்பளம் காத்திருக்காது. முதல் கடையின் கைமுதலைத் தூக்கி இரண்டாவது கடையில் போட்டவர், பெருநாள் சீசனில் சரக்கெடுக்க வழியின்றி நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

முதற் பருவ வீரருக்கு அனுபவசாலிகள் சொல்லும் புத்தி ஒன்றுதான்: எத்தனையாவது இடம் என்று பாராமல் முடித்துவிட்டு வா. புதிய வியாபாரிக்கும் முதல் வருடத்தில் கைமுதல் கரையாமல் கணக்கை மூடுவதே வெற்றி. அளவில் சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் அமலையே நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்தார்கள் என்பதை மறவாதிருப்போம்.