வீட்டுக் குழாய்வழியில் தடுப்பு வால்வு

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் வட்டாரத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரை மோட்டாரால் மாடித் தொட்டிக்கு ஏற்றிச் சமையலறைக்கும் குளியலறைக்கும் இறக்கிக்கொள்ளும் வீடுகளில், ஒழுகும் குழாய் ஒன்றைக் கழற்றுவதற்காகத் தொட்டி நீர் முழுவதையும் வடிக்க நேர்வதுண்டு. இதைத் தவிர்க்க, குழாய்வழியின் ஒரு பகுதிக்கு மட்டும் நீரை நிறுத்துவதற்குப் பொருத்தப்படுவதே தடுப்பு வால்வு.

இதில் இரு வகைகள் பெருவழக்காக உள்ளன. கேட் வால்வில், பலமுறை திருகும் சக்கரம் ஆப்பு வடிவத் தகட்டை இறக்கி நீரை மறிக்கிறது. தகடு அமரும் பள்ளத்தில் மணலோ உப்போ படிந்துவிட்டால் அது முழுமையாக மூடாது. பால் வால்வில், நடுவே துளையிட்ட உருண்டை ஒன்று டெஃப்லான் வளையங்களுக்கிடையே கால் சுற்று திரும்புகிறது. கைப்பிடி குழாயின் போக்கில் இருந்தால் வழி திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

மாடித் தொட்டி நீர் ஈர்ப்பு விசையால் மட்டுமே இறங்குவதால், வால்வின் துளையளவு இங்கே முதன்மை பெறுகிறது. 10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தமே தரும். ஆகவே தொட்டியின் நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழுள்ள குழாயில் அது 0.3 கிலோவாகவும், உயரத்தில் உள்ள ஷவரில் இன்னும் குறைவாகவும் இருக்கும். துளை குறுகிய வால்வு இச்சிறு அழுத்தத்தையும் தின்றுவிடும் என்பதால், குழாயின் உள்விட்டத்துக்கு நிகரான துளையுடைய பால் வால்வே ஏற்றது.

சிபிவிசி குழாயை நேராக வெட்டிப் பிசிறு நீக்கி, சால்வென்ட் எனப்படும் ஒட்டுக்கரைசலை மெல்லிதாகத் தடவிச் செருக வேண்டும். மிகுதியாகத் தடவினால் அது உள்ளே வழிந்து உருண்டையையே ஒட்டிவிடக்கூடும். மரையுள்ள இணைப்பில் டெஃப்லான் டேப்பை மரை முறுக்கப்படும் திசையிலேயே சுற்றினால்தான் இறுக்கும்போது அது அவிழாது. அருகே யூனியன் என்னும் கழற்றும் இணைப்பு ஒன்றையும் வைத்தால், பின்னாளில் குழாயை அறுக்காமலே வால்வை மாற்றலாம்.

தொட்டியின் வாயிலில் ஒன்று, ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று, வாஷ்பேசினுக்கும் ஃபிளஷ் தொட்டிக்கும் கீழே ஆங்கிள் காக் என அமைப்பது போதுமானது. உப்புநீர் வரும் வீடுகளில், நெடுநாள் அசையாத வால்வு படிவத்தால் இறுகிவிடுவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மூடித் திறக்க வேண்டும். அதற்குக் கை எட்டும் இடத்தில், சுவர்ப் பூச்சுக்குள் புதையாமல் அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.