கணக்குக் கொப்பி மேசையில் இருக்கட்டும்

என் அம்மா ஊவாத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். நிறுவையின்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோக்களைக் கழிப்பார்கள். ஏன் என்று கேட்க முடியாது. நிறை குறைந்தால் அரைப்பேர்தான். தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி வந்தது 1984இல். தராசடியில் வாய்திறக்கும் துணிவு அதோடு வந்துவிடவில்லை.

பதுளையில் நான்கு மெசின்களுடன் தையலறை தொடங்கிய நானும் கணக்கப்பிள்ளை மாதிரித்தான் நடந்தேன். பழுதான உடுப்புக்குக் காசு வெட்டினேன். ஒருநாள் துணிக்கட்டின் அடியில் பன்னிரண்டு பாடசாலைச் சட்டைகள் ஒளித்துக் கிடந்தன, எல்லாம் தையல் விட்டவை. 1983 வன்செயலில் பெற்றோருடன் வவுனியாவுக்குப் போய், யுத்தம் முடிந்தபின் திரும்பிய அக்கா ஒருவர்தான் வாய்திறந்தார்.

"ஊசி பழுதெண்டு மூண்டு நாளாத் தெரியும். சொன்னா காசு வெட்டுவீங்கதானே, தங்கச்சி."

ஓர் ஊசியின் விலை என்ன, பன்னிரண்டு சட்டையின் விலை என்ன! வெட்டுவதை அன்றே விட்டேன்.

சகோதரிகளே, இப்போது தைத்ததை அவரவரே எண்ணிக் கொப்பியில் எழுதுகிறார்கள். ஓடர் விலை, துணிச்செலவு, மின்கட்டணம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. "உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல எனக்கு வியர்த்தது. ஆனால் மெசின் கோளாறு அன்றன்றே காதுக்கு வருகிறது.

2022 நெருக்கடியில் ஓடர்கள் நின்றன. ஒருவரை நிறுத்தவேண்டும் என்று நினைத்திருந்தேன். கொப்பியைப் பார்த்து அவர்களே வேறு முடிவெடுத்தார்கள். இரண்டு மாதம் நால்வரும் வாரத்தில் மூன்று நாள் வந்தார்கள்.