வெளிக்குழு நிறுவனத்தோடு சேரும் விதம்

கணினி வேலைகளை வெளி நிறுவனத்திடம் கொடுக்கும் வழக்கத்தைப் பெரிய நிறுவனங்களிடையே பரவச் செய்தது 1989-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் எடுத்த முடிவு. தன் டேட்டா சென்டரை ஐ.பி.எம்.மிடமும், தகவல் தொடர்பு வலைப்பின்னலை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்திடமும், மேசைக் கணினிகளைப் பிசினஸ்லேண்டிடமும் அது ஒப்படைத்தது. அடுத்த பத்தாண்டுகளில் இந்த வேலை கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. 1994-இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தன் கணினித் தேவைகளுக்காகச் சென்னையில் தொடங்கிய பிரிவுதான் பின்னாளில் காக்னிசன்ட் ஆனது.

ஒப்பந்தம் கையெழுத்தாவதோடு வேலை ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் புதிதாக வந்த குழு நிறுவனத்தின் அன்றாட ஓட்டத்தோடு சேர்வதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். அதற்குத் தேவையான ஏற்பாடுகளைத் திட்டமிட்டுச் செய்த நிறுவனங்களும் உண்டு. செய்யாமல் விட்டு வாடிக்கையாளர்களைத் தவிக்கவிட்ட நிறுவனங்களும் உண்டு.

மேற்பார்வை கைமாறாது

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கியை 2015-இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி வாங்கியது. டி.எஸ்.பி.யின் கணக்குகள் அப்போது பழைய உரிமையாளரான லாயிட்ஸ் குழுமத்தின் கணினிகளில் இருந்தன. அவற்றுக்காகப் புதிய அமைப்பைக் கட்டி, கணக்குகளை மாற்றும் பொறுப்பு சபாடெலின் கணினி நிறுவனமான சாபிஸிடம் போயிற்று. சாபிஸ் தன் பங்குக்கு 85 வெளி நிறுவனங்களைச் சார்ந்திருந்தது.

2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் மாற்றம் நடந்தது. தரவுகள் சரியாகப் போய்ச் சேர்ந்தன. புதிய அமைப்புதான் சுமை தாங்கவில்லை. கிளைகள், தொலைபேசிச் சேவை, இணையச் சேவை எல்லாமே தடுமாறின. வங்கியின் 52 லட்சம் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 19 லட்சம் பேரால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. நிலைமை முழுதும் சீராக டிசம்பர் ஆயிற்று. புதிய அமைப்பு இரண்டு டேட்டா சென்டர்களில் இயங்க வேண்டியது. சுமைச் சோதனை ஒன்றில்தான் நடந்திருந்தது என்பது பிற்பாடு நடந்த விசாரணையில் வெளிப்பட்டது.

2022-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் அபராதம் விதித்தது வங்கியின் மீது: 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. அடுத்த ஆண்டு, வெளியே கொடுத்த வேலையைச் சரிவர மேற்பார்க்கவில்லை என்ற காரணத்துக்காக வங்கியின் முன்னாள் தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரிக்கும் 81,620 பவுண்டு தனிப்பட்ட அபராதம் விழுந்தது. "எல்லாம் தயார்" என்று வெளிக்குழு எழுதித் தந்தால், எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டியது வேலையைக் கொடுத்தவரின் கடமை. இது சட்டத்தின் பார்வையிலும் உறுதியாகிவிட்டது.

அறிவு கைமாறும் படிகள்

சேர்க்கையின் முதல் கட்டத்தை இத்துறையில் கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்பார்கள். நிறுவனத்தின் பழைய ஊழியர்களுக்குத் தெரிந்ததைப் புதிய குழு கற்றுக்கொள்ளும் காலம் அது. முதலில் விளக்க வகுப்புகளும் ஆவணங்களும். அடுத்தது ஷேடோ: பழையவர் வேலை செய்வார், புதியவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். கடைசியில் ரிவர்ஸ் ஷேடோ: புதியவர் செய்வார், பழையவர் பார்த்துத் திருத்துவார்.

செலவைக் குறைக்கும் அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது இந்த மூன்றாம் படிதான். உண்மையில் மற்ற இரண்டையும்விட அது முக்கியமானது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரவில் எந்த நிரல் அடிக்கடி நிற்கும், நின்றால் யாரை எழுப்ப வேண்டும், எந்தப் பிழைச் செய்தியைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதெல்லாம் ஆவணத்தில் ஏறுவதில்லை. கையால் செய்யும்போதுதான் தெரியவரும். ஆகவே ஒரு மாதக் கடைசியாவது, முடிந்தால் ஒரு காலாண்டு முடிவாவது ரிவர்ஸ் ஷேடோ காலத்துக்குள் வருமாறு நாள் குறிப்பது நல்லது.

ஒரே பட்டியல், ஒரே கூட்டம்

பல வெளிக்குழுக்கள் ஒன்றாக வேலை செய்யும் இடத்தில் நேரும் குழப்பத்துக்கும் அது தீர்ந்த விதத்துக்கும் ஹெல்த்கேர் டாட் கவ் போல விளக்கமான உதாரணம் குறைவு. அமெரிக்க மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான இந்த அரசு இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் கடைசிவரை போய்ப் பதிவை முடித்தவர்கள் 6 பேர். தளத்தைக் கட்டியதில் 55 ஒப்பந்த நிறுவனங்களுக்குப் பங்கு இருந்தது. ஒவ்வொன்றும் தன் பகுதியைச் செய்தது. முழுத் தளத்துக்கும் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. ஒருங்கிணைக்கும் வேலையை அரசுத் துறையே வைத்துக்கொண்டிருந்தது, அதற்குரிய ஆட்கள் அதனிடம் இல்லாதபோதும்.

அந்த மாதமே மீட்பு வேலை தொடங்கியது. ஒப்பந்த நிறுவனங்களில் ஒன்றான கியூ.எஸ்.எஸ்.ஐ. பொது ஒப்பந்ததாரராக நியமிக்கப்பட்டது. தளம் எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படியான அளவீட்டுப் பலகை அதுவரை இல்லை. அதை முதலில் அமைத்தார்கள். பிறகு தினமும் இரண்டு கூட்டங்கள். கூகுளிலிருந்து வந்த மைக்கி டிக்கர்சன் அவற்றுக்கு மூன்று விதிகள் வைத்தார். கூட்டம் சிக்கலைத் தீர்ப்பதற்கு. பழி போடுவதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பதவியில் பெரியவர் பேசுவதைவிட விஷயம் தெரிந்தவர் பேச வேண்டும். அடுத்த ஓரிரு நாளில் தொல்லை தரப்போவதை மட்டும் இப்போது பார்க்க வேண்டும்.

நவம்பர் தொடக்கத்தில் பாதி நேரத்துக்கும் குறைவாகவே இயங்கிய தளம், அந்த மாதக் கடைசியில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நேரம் இயங்கியது. இடையில் 400-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் நடந்திருந்தன. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் முன்பிருந்த அதே ஒப்பந்த ஊழியர்கள். எல்லோருக்கும் ஒரே வேலைப் பட்டியலும், ஒரே அளவீடும், கெட்ட செய்தியை அன்றைக்கே சொல்லக்கூடிய ஒரு கூட்டமும் கிடைத்ததுதான் புதிது. எந்த நிறுவனமும் எளிதாக எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இது: பழுதுகளையும் வேலைகளையும் பதியும் டிக்கெட் பட்டியல் நிறுவனத்துக்கு ஒன்று, வெளிக்குழுவுக்கு வேறொன்று என்று இருக்கக் கூடாது.

கடிகாரமும் அளவுகோலும்

குழு வேறு நாட்டில் இருந்தால் நேரத்தையும் பங்கிட வேண்டும். சென்னை மாலை 6.30 மணி என்பது நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை 8 மணி, கோடையில் 9 மணி. இரு தரப்பும் அதிகச் சிரமமின்றிப் பேசக்கூடிய நேரம் இரண்டு மூன்று மணிதான். அந்த நேரத்தை அறிக்கை வாசிப்பதில் கழிக்காமல் முடிவு எடுப்பதற்கு ஒதுக்க வேண்டும். அசௌகரியம் எப்போதும் ஒரு பக்கமே விழுந்தால் இரவு நேர அழைப்புகளில் அமர்ந்து களைத்தவர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள், கே.டி.யில் கொடுத்த அறிவும் அவர்களோடு போய்விடும். கூட்ட நேரத்தை இரு தரப்பும் மாறி மாறி ஏற்பது நியாயம் மட்டுமல்ல, சிக்கனமும்கூட.

அளவுகோல் அடுத்தது. எஸ்.எல்.ஏ. எனப்படும் சேவை அளவு ஒப்பந்தத்தில், டிக்கெட்டுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்பது போன்ற எண்கள் இருக்கும். ஆனால் சில இடங்களில் டிக்கெட்டுகள் நேரத்துக்குள் மூடப்படும், அதே பழுது மறுவாரம் புது டிக்கெட்டாக வரும். எண்கள் மட்டும் நன்றாக இருக்கும். இதைத் தர்பூசணி அறிக்கை என்று இத்துறையினர் சொல்வார்கள்: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. சம்பளம் சரியான நாளில் போயிற்றா, கடைக்குச் சரக்கு சேர்ந்ததா என்று பயனை அளக்கும் எண்களை இரு தரப்புக்கும் பொதுவாக வைப்பதே இதற்கு மாற்று.

எதுவரை சேர்க்கலாம்

சேர்க்கைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று பாதுகாப்பு. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி வாடிக்கையாளர் அட்டைகளின் விவரம் திருடப்பட்டது. திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதன வேலை செய்த ஒரு வெளி நிறுவனத்துக்குத் தரப்பட்டிருந்த கடவுச்சொல் வழியாக. வேலைக்குத் தேவையான அனுமதியை முதல் நாளே தர வேண்டும். தேவைக்கு மேல் தரக் கூடாது. ஒருவர் விலகினால் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

மற்றொன்று தொழிலாளர் சட்டம். மைக்ரோசாஃப்டில் பல ஆண்டுகள் நிரந்தர ஊழியர்களைப் போலவே வேலை பார்த்த தற்காலிக ஊழியர்கள், அதற்குரிய சலுகைகளைக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2000-இல் 9 கோடியே 70 லட்சம் டாலருக்கு அது சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு பல நிறுவனங்கள் ஒப்பந்த ஊழியர்களை வேண்டுமென்றே தள்ளி வைக்கத் தொடங்கின. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு ஆகியவை அவரவர் நிறுவனத்தோடு நிற்கட்டும். ஆனால் வேலை பற்றிய தகவலையும், கருத்துச் சொல்லும் உரிமையையும், நல்ல வேலைக்குரிய பாராட்டையும் மறுக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உள்ளே இருக்க வேண்டியவர்கள்

2012-இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஏறத்தாழ 90 சதவீதம் வெளியே கொடுத்திருந்த தன் கணினி வேலையை மறுபடி உள்ளே கொண்டுவரப் போவதாக அறிவித்தது. எல்லா நிறுவனமும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் தன் அமைப்பின் முழு வடிவத்தை அறிந்த சிலர், வெளிக்குழு எழுதும் நிரலைப் படித்துப் பார்க்கக்கூடிய சிலர், வியாபாரத் தேவையைத் தொழில்நுட்ப மொழியில் எடுத்துச் சொல்லக்கூடிய சிலர் ஒவ்வொரு நிறுவனத்திலும் சொந்த ஊழியர்களாக இருந்தே ஆக வேண்டும். வெளிக்குழு கேள்வி கேட்டால் பதில் சொல்லவும், அது சொல்லும் பதிலைக் கேள்வி கேட்கவும் அவர்களால்தான் முடியும்.